பேசும் படமும் பித்தளை வில்லையும்

முன்னொரு காலத்தில் படம் என்றால் ஊண் உறக்கம் மறந்துவிடும் ஓர் அரசர் இருந்தார். அவருக்கு ஒரு விஷயம் மட்டும் விளங்கவேயில்லை. ஆசையாக அவர் கட்டிய சித்திரமாடத்தின் வாசலில் காலை முதல் கூட்டம் நெரியும். உள்ளே ஈ காக்கை இருக்காது.

"மக்களுக்கு ரசனை இல்லை, பிரபு" என்றார் மாடத்து அதிகாரி அனந்தபத்மர். எந்தப் படத்தைப் பார்த்தாலும் "ஆகா, பேசுகிறது" என்று புகழ்பவர் அவர்.

"ரசனை இருக்கிறது, பிரபு. வில்லைதான் கிடைக்கவில்லை" என்றான் அரசவை விகடன் சாத்தன்.

வில்லை என்பது உள்ளே போக அனந்தபத்மர் செய்த ஏற்பாடு. வட்டமான பித்தளை வில்லை வாங்கினால் சிற்பக்கூடத்துக்குள் விடுவார்கள். சதுர வில்லைக்கு ஓவியக்கூடம். தாமரை வில்லைக்கு எல்லாக் கூடமும் உண்டு. ஆனால் அதை முந்தின நாளே வாங்கியிருக்க வேண்டும். வாங்கியதை மாற்றித் தரமாட்டார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தால்தான் சரியான வில்லையைக் கேட்க முடியும். உள்ளே போனால்தான் என்ன இருக்கிறது என்று தெரியும். சிக்கல் அங்கேதான்.

அன்று காலையில்கூட ஒரு செக்காட்டுபவரும் அவர் மனைவியும் வாசலில் மாட்டிக்கொண்டார்கள்.

"யானை பாக்கணுங்க."

"ஓவிய யானையா, சிற்ப யானையா?" என்றான் காவலன்.

"யானை மாதிரி இருந்தாப் போதுங்க."

"அப்படி ஒரு வில்லை இல்லை. அடுத்த ஆள் வாங்க."

"உங்க யானையை நீங்களே வச்சுக்கங்க" என்று அந்த அம்மாள் புருஷனை இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சாத்தன் இதைச் சொன்னதும் அனந்தபத்மருக்கு முகம் சுருங்கியது. "தேர்ந்தெடுக்கத் தெரியாதவர்களின் புலம்பல் இது, பிரபு. சாத்தனார் நாளை ஒரு விதியையும் மீறாமல் உள்ளே போய்க் காட்டட்டும். முடியாவிட்டால் அவையில் இருக்கும் ஆசனத்தை விட்டுவிட்டு வாசலில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் ஆயுள் முழுக்க வில்லை விளக்கம் சொல்லட்டும்."

அரசருக்கு இது வேடிக்கையாகப் பட்டது. "அப்படியே ஆகட்டும். சாத்தா, நாளை மாலை நான் மாடத்துக்கு வருவேன். நீ உள்ளே இருக்க வேண்டும்."

மறுநாள் சாத்தன் வாசலுக்குப் போய்த் தாமரை வில்லை கேட்டான்.

"நேற்றே வாங்கியிருக்க வேண்டும்."

"சரி, வட்டம் கொடு."

"சிலைகளுக்கு இன்று எண்ணெய்க் காப்பு. கூடம் பூட்டியிருக்கிறது."

"சதுரம்?"

"இன்று குடும்பத்தோடு வருபவர்களுக்கு மட்டும்."

"எனக்குக் குடும்பம் இருக்கிறதப்பா."

"வீட்டில் இருக்கிறது. இங்கே இல்லையே."

சாத்தன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். அப்போது நாலு சுமைகாரர்கள் ஒரு பெரிய படத்தைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே போனார்கள்.

"அதற்கு எந்த வில்லை?" என்றான் சாத்தன்.

"படத்துக்கு எதற்கு வில்லை? மரச்சட்டகம் இருந்தால் உள்ளே விடுவோம். அதுதான் விதி."

சாத்தன் எழுந்து நேரே தச்சர் வீட்டுக்கு நடந்தான்.

மாலையில் அரசர் வந்தார். ஓவியக்கூடத்தின் கோடியில் ஆள் உயரச் சட்டகம் ஒன்று சுவரில் சாய்ந்திருந்தது. அதற்குள் சாத்தன் கைகட்டி நின்றான்.

"இது என்ன?"

"படம், பிரபு. தலைப்பு, வில்லை கிடைக்காத குடிமகன். சுமைகாரர்கள்தான் தூக்கிவந்தார்கள். காவலர் சட்டகத்தைத் தட்டிப் பார்த்துத்தான் உள்ளே விட்டார்."

அனந்தபத்மர் பதறினார். "மோசடி, பிரபு. படம் எங்காவது பேசுமா?"

"நேற்று, இதோ எதிரே தொங்கும் ராணியாரின் படம் பேசுகிறது என்றீர்களே, ஐயா. அது பொய்யா?"

அனந்தபத்மர் ராணியின் படத்தைப் பார்த்தார், பிறகு அரசரைப் பார்த்தார். அரசர் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் தம் கைக் கடகத்தைக் கழற்றிச் சாத்தனுக்குப் போட்டார்.

"அவையில் உன் ஆசனம் உனக்கே. ஆனால் வில்லையை எடுத்துவிட்டால், யார் எதைப் பார்த்தார் என்று எப்படித் தெரியும்?"

"நுழையும்போது கேட்பதைத் திரும்பும்போது கேளுங்கள், பிரபு. வாசலில் ஒரு நூல்கயிறு கொடுத்தால் போதும்."

அடுத்த வாரம் செக்காட்டுபவரும் மனைவியும் மறுபடி வந்தார்கள். இரண்டு யானைகளையும் பார்த்துவிட்டு ஆளுக்கு ஒரு நூலில் கோர்த்த இரண்டு மணிகளோடு வெளியே வந்தார்கள். வாசலில் அவற்றை வாங்கிக்கொண்டவர் அனந்தபத்மர்.

ஏற்பாடு இவ்வளவுதான்: வெறும் நூலோடு உள்ளே போகலாம், ஒவ்வொரு கூடத்துக் காவலரும் தம் கூடத்து நிறத்தில் ஒரு மணியைக் கோர்த்துவிடுவார், வெளியே வரும்போது மணிகளைக் கொடுத்துவிட்டு, பார்த்த கூடங்களுக்கு மட்டும் கட்டணம் கட்டினால் போதும்.