வயிறு பொய் சொல்லாது

ஒரு காட்டில், குழந்தைகளே, கோடைக்கும் வற்றாத குளம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதில் யார் முதலில் தண்ணீர் குடிப்பது என்று வடகரைக்கும் தென்கரைக்கும் ஓயாத சண்டை. கடைசியில் ஆட்டம் ஆடித் தீர்த்துக்கொள்வது என்று வழக்கமாகிவிட்டது. இரண்டு மரங்களில் கொடிக்கூடை கட்டுவார்கள். பின்னங்காலில் நின்று, நார்ப்பந்தை எதிரியின் கூடையில் போட வேண்டும். ஜெயித்த கரைக்குத் தெளிந்த தண்ணீர். தோற்ற கரைக்கு அவர்கள் கலக்கிவிட்டுப் போன சேறு.

வருஷா வருஷம் சேறு தென்கரைக்குத்தான். வடகரை நரி அப்படிப்பட்ட எத்தன். கண்ணை இடப்பக்கம் உருட்டும், வாலை வலப்பக்கம் ஆட்டும். எதிரே நிற்பவன் எதை நம்பினாலும் ஏமாந்து போவான்.

தென்கரையில் சடச்சி என்றொரு முள்ளம்பன்றி இருந்தாள். போன கோடையில் சேற்றுத் தண்ணீர் குடித்து, அவள் பிள்ளை பிழைத்ததே பெரும்பாடு. அந்தப் பயம் இன்னும் அவள் நெஞ்சை விட்டுப் போகவில்லை. "இந்த வருஷம் நம்ம ஆளுங்களுக்கு ஆட்டம் பழக்குறது நான்தான்," என்று அவளே முன்வந்தாள். முள்ளோடு வாதாட யாருக்குத் துணிச்சல்?

முதல் வேலையாகப் பந்தை எடுத்துப் புதருக்குள் ஒளித்தாள். காட்டுப்பன்றி, குரங்கு, முயல் மூவரின் வயிற்றிலும் செம்மண்ணால் ஒரு பொட்டு வைத்தாள்.

"முயல் ஓடட்டும். மத்தவங்க முட்டியை மடக்கி, பக்கவாட்டுல நகர்ந்து மறிக்கணும். பொட்டை மட்டும் பாருங்க. கண்ணு பொய் சொல்லும், வாலும் பொய் சொல்லும். வயிறு பொய் சொல்லாது. அது திரும்புற பக்கந்தான் ஆளும் போவான்."

"பந்தே இல்லாம பந்தாட்டமா? மாப்பிள்ளை இல்லாத கல்யாணம் மாதிரியில்ல இருக்கு," என்றது குரங்கு. அதற்கு எப்போதும் வாய் அதிகம்.

"சேத்துத் தண்ணி உனக்கு இனிக்குதா?" என்றாள் சடச்சி.

குரங்கு முட்டியை மடக்கியது.

கால் கடுக்கும்வரை அவள் விடமாட்டாள். பொழுது சாயும்போதுதான் பந்து வெளியே வரும். அப்போதும் ஒரே பாடம்: "பந்தைக் கொடுத்துட்டு வேடிக்கை பார்க்காதே. கொடுத்த கையோட கூடையைப் பார்த்து ஓடு."

ஆட்ட நாள் வந்தது. நரி கண்ணை உருட்டியது, வாலை ஆட்டியது. காட்டுப்பன்றி அதன் வயிற்றைவிட்டுப் பார்வையை எடுக்கவில்லை. நரி எந்தப் பக்கம் போனாலும் பன்றி முன்னால் நின்றது. வெயில் ஏறியபோது இரு கரையும் சமம். இனி முதலில் கூடை போடுகிறவருக்கே குளம்.

அந்த நேரம் பார்த்துக் குரங்குக்கு வாய் அரித்தது. "உம்ம வித்தை இனிப் பலிக்காது நரியாரே. நாங்க உம்ம வயித்தைத்தான் பார்க்கிறோம்."

சடச்சிக்குத் திக்கென்றது. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே குரங்கு தன் வாயால் கரையையே கெடுத்துவிடும் போலிருந்தது.

"அவ்வளவுதானா சங்கதி?" என்று நரி சிரித்தது. பந்தை வயிற்றோடு இறுக அணைத்து, வளைந்து குனிந்து, வயிற்றை மறைத்துக்கொண்டது.

வயிறு மறைந்தது உண்மைதான். ஆனால் குனிந்தவன் எப்படி ஓடுவது? அணைத்த பந்தை எப்படி எறிவது? கூடை எங்கே என்று தலைதூக்கிப் பார்க்கவும் வழியில்லை. நரி நின்ற இடத்திலேயே செக்குமாடு போலச் சுற்றியது.

"என்ன பார்க்கிறே? பிடுங்கு," என்றாள் சடச்சி.

பன்றி பந்தைப் பிடுங்கிக் குரங்கிடம் எறிந்தது. தூரத்திலிருந்து தானே போட்டுக் கைதட்டல் வாங்கக் குரங்குக்குக் கொள்ளை ஆசை. ஆனால் பழகிய கை பழகியபடிதான் செய்தது. பந்தை முயலிடம் கொடுத்துவிட்டுக் கூடையைப் பார்த்து ஓடியது. முயல் திருப்பிக் கொடுத்தது. குரங்கு கூடைக்கடியில் நின்று பந்தை உள்ளே போட்டது. நரி அப்போதுதான் நிமிர்ந்தது.

மறுநாள் விடிந்ததும் சடச்சி தன் பிள்ளையைக் குளத்துக்கு அழைத்துப் போனாள்.

"அம்மா, தண்ணிக்குள்ள ஒருத்தன் இருக்கான்," என்றது பிள்ளை.

"அது நீதான்டா. குடி," என்றாள் சடச்சி.

நீதி: எதிராளி காட்டும் வித்தையில் மயங்காதே, அவனால் மறைக்க முடியாததில் கண் வை.