நெல்லிமங்கலம் ஏரியை உடைத்தவர்

பெருமழையால் ஏரி உடைகிறது என்று உலகம் நம்பிக்கொண்டிருக்கிறது. இது பெரும்பிழை. கட்டுக் கட்டாகச் சுவடி படித்தும், ஒருமுறை ஏரிக்குள்ளேயே தவறி விழுந்தும் நான் கண்ட உண்மை இது: ஏரியை உடைப்பவர் எப்போதும் எதிர்த்தரப்பு அமைச்சர்தான்.

நெல்லிமங்கலத்தில் கரைக்குப் பொறுப்பு அமைச்சர் காளிங்கர். மதகுக்குப் பொறுப்பு அமைச்சர் திருமேனியார். காளிங்கரின் ஆட்கள் பச்சைத் தலைப்பாகை கட்டுவார்கள். திருமேனியாரின் ஆட்கள் ஊதா. ஏரி உடைந்த மறுநாள் சபை கூடியது.

“மதகைத் திறக்காதது யார் குற்றம்?” என்றது இடப்பக்கத்துப் பச்சை.

“கரையெல்லாம் எலி வளை. அதை அடைக்காதது யாராம்?” என்றது வலப்பக்கத்து ஊதா.

எலி வளையின் வகைகளை நான் விளக்கப் புகுந்தால் நீங்கள் தூங்கிவிடுவீர்கள். தூங்குவது ஆபத்து. ஏரிக் காவல்காரன் சடையன் அதில்தான் மாட்டினான். அவன் எந்தத் தலைப்பாகையும் கட்டாதவன். பொழுது சாயும்வரை கத்திய இரு தரப்பும் கடைசியில் ஒன்றில் மட்டும் ஒத்துப்போயின: “காவல்காரன் தூங்கிவிட்டான். அவன் தலையை எடுங்கள்!”

“சபை ஒருமனதாகச் சொன்னால் நான் என்ன செய்ய? நாளைக் காலை தண்டனை,” என்றார் அரசர்.

மறுநாள் சடையனை அழைத்துவந்தவர், எப்போதும் வெறுந்தலையோடு வரும் அரசவைப் புலவர் பூதனார். வாசலில் அவன் தலையில் ஒரு தலைப்பாகையைச் சுற்றினார்.

“நேரே அரசரைப் பார்த்து நட. தலையைத் திருப்பினால் அது உனக்கில்லை.”

சடையன் நடந்தான். இரு பக்கமும் சலசலத்தன.

“அடடே, நம்ம ஆளா! ஏனய்யா, மனிதன் கண்ணயரவே கூடாதா?” என்றார் ஒரு பச்சை.

“அந்த மழையில் விழித்திருந்துதான் என்ன கிழித்திருப்பான்? பிள்ளைகுட்டிக்காரன், பாவம்!” என்றார் ஒரு ஊதா.

“மழைதான் குற்றவாளி!” என்று சபையே முழங்கியது.

நேர் எதிரே இருந்த அரசருக்கு மட்டும் முழுத் தலைப்பாகையும் தெரிந்தது. ஒரு பாதி பச்சை, மறு பாதி ஊதா. வயிறு குலுங்கச் சிரித்து விடுதலை என்றார். சடையன் கும்பிட்டபடி, திரும்பாமல், பின்னாலேயே நடந்து வெளியேறினான்.

“பூதனாரே, இந்தச் சபையில் சாயம் ஒட்டாத தலை உம்முடையது ஒன்றுதான். என்ன பரிசு வேண்டும்?”

“ஒரு சால்வை போதும், அரசே.” புலவர் குரலைத் தாழ்த்தினார். “பச்சையாக இருந்தால் நல்லது. என்ன இருந்தாலும் மதகைத் திறக்காதது தப்புதானே?”

மழை குற்றவாளி என்று தீர்ப்பு எழுதப்பட்டது. கரையை இன்னும் யாரும் அடைக்கவில்லை.