தாணு எடுத்த நீட்டு ரைபிள்

மாசிலாமணி ஆசானிடம் காட்டுவழி கற்றவர்கள் இரண்டு பேர். தாணு வந்து பதினோரு வருஷம். வயது நாற்பதைத் தாண்டியாயிற்று. சேவியர் போன வருஷம் வந்தவன்.

மழைக்காலம் மூன்று மாதமும் மேல்மலைக் காவல்குடிலில் ஒருவன் ஒற்றையாய்க் கிடக்க வேண்டும். ஆறு பெருகிவிட்டால் இறங்க வழியில்லை. கரடி வந்தாலும் சரி, காய்ச்சல் வந்தாலும் சரி, கூப்பிட ஆள் கிடையாது. அங்கே இருந்து திரும்பியவனைத்தான் அந்த மலையில் ஆசான் என்று கூப்பிடுவார்கள். தாணுவுக்கு அந்தப் பேர் வேண்டும். அதற்காகத்தான் பதினோரு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான்.

இந்த முறை ஆளுக்கொரு ரைபிளை எடுத்துக்கொள்ளச் சொன்னார் ஆசான். கடைசியாக வந்தவன் முதலில் எடுக்க வேண்டும் என்பது அவர் வழக்கம்.

சேவியர் ஒரு குட்டை ரைபிளை எடுத்தான். தோளில் முட்டும் கட்டையைக் கழற்றினால் தோள்பைக்குள் அடங்கிவிடும். தாணுவுக்குப் பகீரென்றது. அவன் கண் வைத்திருந்ததும் அதைத்தான். நேற்று வந்த பயலுக்கு இது எப்படித் தெரியும்? ஆசான்தான் ரகசியமாய்ச் சொல்லியிருப்பார். தாணு வீம்புக்கு, இருந்ததிலேயே நீளமானதை எடுத்துக்கொண்டு போனான்.

"பதினஞ்சு நாள் பழகுங்க. யாரு போகணும்னு அப்புறம் சொல்லுதேன்" என்றார் ஆசான்.

அந்தப் பதினைந்து நாளும் தாணுவின் வயிறு எரிந்த எரிச்சலில் ஒரு பானை சோறு வெந்திருக்கும். சேவியர் சுடப் போனால் இவன் மரத்து மறைவில் நிற்பான். சேவியர் எண்ணெய் போட்டால் வேலிக்கு மேலே எட்டிப் பார்ப்பான். ராத்திரி தூக்கம்கூட ஒழுங்காய் வரவில்லை.

பதினாறாம் நாள் காலையில் கூப்பிடும் முன்பே வந்து நின்றான்.

"ஆசானே, உள்ளதைச் சொல்லும். நல்ல ரைபிளை அவனுக்குத்தானே குடுத்தீரு?"

"அப்படி என்னடே நல்லது அதுல?"

"என்ன நல்லதா? ரெண்டரை கிலோகூட இருக்காது. நாள் முழுக்கத் தூக்கிட்டு ஏறினாலும் தோள் நோவாது. அன்னைக்கு ஓடையில விழுந்துது, எடுத்து உதறிட்டுச் சுட்டான், வெடிச்சுது. ஐம்பதடியில குண்டு ஒரு விரல் இடப்பக்கம் ஒதுங்கும். விசை கொஞ்சம் இறுக்கம், இழுத்துப் பிடிச்சா சொன்னபடி கேக்கும்."

"உனக்க ரைபிள் எந்தப் பக்கம் ஒதுங்கும்?"

தாணு கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"எடுத்துட்டு வா."

கொட்டகை மூலையில் சாத்தி வைத்தது வைத்தபடி இருந்தது. கொண்டுவந்து நீட்டினான். தோட்டா இல்லை என்று பார்த்துக்கொண்டு, ஆசான் குழலுக்குள் கம்பியை விட்டுக் குத்தினார். காய்ந்த மண் பொலபொலவென்று கொட்டியது. கூடவே நாலைந்து பச்சைப் புழு. குளவி சாவகாசமாய்க் கூடு கட்டியிருந்தது.

"இதோட சுட்டிருந்தா?"

தாணுவின் கை தானாகக் கன்னத்துக்குப் போயிற்று. "குழல் வெடிச்சு மூஞ்சியே போயிருக்கும் ஆசானே."

வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் பொறாமை விடுமா?

"அந்தக் குட்டை ரைபிள் எனக்குக் கிடைச்சிருந்தா இப்படி மூலையில போட்டிருப்பேனா? கண்ணுல வச்சுப் பாத்திருப்பேன். அதைத் தந்து என்னை அனுப்பும்!"

ஆசான் சேவியரைக் கூப்பிட்டார். குட்டை ரைபிளை வாங்கித் தாணுவின் கையில் கொடுத்தார். சேவியர் நீட்டு ரைபிளை எடுத்துக்கொண்டு, குழலைத் துடைக்கத் துணி தேடிப் போனான்.

தாணுவால் நம்பவே முடியவில்லை. ரைபிளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். ஆனால் கண் மட்டும் சேவியர் போன பக்கமே போயிற்று.

"அப்ப நான் மேல்மலைக்குப் போலாமா ஆசானே?"

"ரைபிள் கிடைச்சாச்சு. ஆனா அங்க சேவியர் கிடையாதேடே. மூணு மாசமும் நீ யாரைப் பாத்துட்டு இருப்ப?"