கெட்டில் மட்டும் உள்ளே

குன்னூரில் ஒரு குழு இருந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்து வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அன்றாடம் எப்படி வாழ்ந்தார்கள் என்று நடித்துக் காட்டுவது அவர்கள் வேலை. சண்டையெல்லாம் கிடையாது. பூட்ஸ் துடைப்பார்கள், முகம் மழிப்பார்கள், தகரக் குவளையோடு வரிசையில் நின்று டீ வாங்கிக் குடிப்பார்கள். வீட்டில் இதையே செய்யச் சொன்னால் ஒருவரும் அசையமாட்டார்கள்.

குழுவின் கேப்டன் குலசேகரன். அவரோடு இன்னாசி, பெள்ளன் என்று இரண்டே பேர். ஹெல்மெட், பூட்ஸ், கூடாரம் எல்லாம் அவர் வீட்டுச் சமையலறையில்தான் கிடந்தன. அவர் மனைவி பத்மாவதி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, கோடைவிழாப் போட்டிக்கு முன்பு சொல்லிவிட்டாள்.

"ஜெயிக்கிற குழுவுக்குப் பழைய பட்டாள பாரக்ஸ்ல ஒரு ரூம் தர்றாங்களாமே. அதை வாங்கிட்டு வாங்க. இல்லேன்னா இந்தத் தட்டுமுட்டு அத்தனையும் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுடுவேன்."



விழாக்காரர்கள் போட்ட விதி ஒன்றே ஒன்றுதான். ஆண்டு 1943. கயிறு கட்டிய எல்லைக்குள் அதற்குப் பிறகு வந்த எதுவும் இருக்கக் கூடாது.

மற்ற குழுக்கள் கைக்கடிகாரத்தைக் கழற்றி, பிளாஸ்டிக் வாளியை ஒளித்ததோடு நிறுத்திக்கொண்டன. நம் ஆட்கள் எதையும் அப்படி அரைகுறையாகச் செய்கிறவர்கள் இல்லை.

முதலில் டீத்தூள் போயிற்று. பாக்கெட்டில் இந்த வருஷத் தேதி. அடுத்து பால்.

"மாட்டுக்கு என்ன வயசு?" என்றார் குலசேகரன்.

"நாலு, கேப்டன்," என்றான் இன்னாசி.

"அப்போ அதோட பால் நாப்பத்திமூணுல எப்படி இருக்கும்? வெளியே கொண்டு போ."

ஹெல்மெட்டெல்லாம் போன வருஷம் கோயம்புத்தூர்ப் பட்டறையில் அடித்தவை. போயின. கூடாரமும் அப்போதுதான் தைத்தது. அதையும் பிரித்தார்கள்.

பெள்ளன் குனிந்து தரையைப் பார்த்தான். "கேப்டன், இந்தப் புல்லு போன மழைக்கு முளைச்சதுங்க."

மூவரும் உட்கார்ந்து புல்லைப் பிடுங்கினார்கள்.

மிஞ்சியது ஓர் இரும்புக் கெட்டில். பத்மாவதியின் தாத்தா போருக்கு முன்பே பட்டாளத்திலிருந்து கொண்டுவந்தது. தினமும் அவள் வெந்நீர் போடுவது அதில்தான்.

"கெட்டில் பாஸ்," என்றார் குலசேகரன். உடனே அவர் முகம் வாடியது. "இன்னாசி, நீ எப்போ பிறந்தே?"

"எண்பத்தாறுலங்க."

"நான் எழுபத்தொண்ணு."

"எங்கப்பாவே நாப்பத்தஞ்சுதாங்க," என்றான் பெள்ளன், ஆறுதலாக.

மூவரும் கயிற்றைத் தாண்டி வெளியே வந்து விறைப்பாக நின்றார்கள்.

பரிசைத் தீர்மானிக்கும் வேதமுத்து வந்தார். கயிற்றைத் தூக்கப் போனவரை இன்னாசி மறித்தான்.

"ஐயா பிறந்த வருஷம்?"

"ஐம்பத்தெட்டு. ஏன்?"

"மன்னிக்கணும். உள்ளே விட முடியாதுங்க."

வேதமுத்து வெளியிலிருந்தே சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மொட்டைத் தரை, நடுவில் கெட்டில். மற்ற எல்லாரிடமும் ஏதாவது ஒரு குற்றம் கண்டுபிடித்திருந்தார். இங்கே கண்டுபிடிக்க ஒன்றுமே இல்லை. ரூம் சாவியைக் குலசேகரன் கையில் கொடுத்துவிட்டார்.

பத்மாவதிக்கு வந்த சந்தோஷம் கொஞ்சமல்ல. சமையலறையைக் கழுவித் துடைத்து, கணவருக்குப் பிடித்த பணியாரம் சுட்டாள். சாயங்காலம் வாசலில் வேன் நின்றது. ஹெல்மெட், பூட்ஸ், கூடாரம் எல்லாம் ஒவ்வொன்றாக மறுபடியும் சமையலறைக்கே வந்தன.

"ரூம் என்னாச்சுங்க?"

"பெள்ளன் காவலுக்கு நிக்கிறான். அது வெள்ளைக்காரன் காலத்து ரூம், பத்மா. நேத்து செஞ்ச சாமானையெல்லாம் அதுல எப்படி வைக்கிறது? கெட்டிலை மட்டும் வச்சுட்டு வந்துட்டோம்."

பத்மாவதி வெறும் அடுப்பைப் பார்த்தாள். "அப்போ இதெல்லாம்?"

குலசேகரன் சுவரைப் பெருமையோடு தட்டினார். "நம்ம வீடு தொண்ணூத்தெட்டுல கட்டினது. இங்கே எதை வேணும்னாலும் வைக்கலாம்."