மந்திக்குப் புலி சொன்ன மருந்து

ஒரு காட்டில் ஒரு புலி இருந்தது. அது பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருந்தது. ஆனால் நம் கதை தூங்காத ஒருத்தியைப் பற்றியது, குழந்தைகளே.

அவள் பெயர் வெள்ளையம்மா. சாம்பல் நிற உடம்பும் கரிய முகமும் நீண்ட வாலும் உள்ள மந்தி. ஆற்றங்கரை அத்தி மரத்தின் உச்சிக் கிளைதான் அவள் வீடு. கீழே புள்ளிமான்கள் மேயும். புலி வந்தால் அவள் குரல் கொடுப்பாள், மான்கள் ஓடும்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த வேலையை வெள்ளையம்மா வேறு யாரிடமும் விட்டுக்கொடுக்க மாட்டாள். பக்கத்துக் கிளையில் அவளுடைய ஓரகத்தி மாயக்கா சும்மாதான் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இலை எது, புலி எது என்று தெரியாது என்பாள் வெள்ளையம்மா. ஒரு பலாச்சுளைக்காக வந்த சண்டையில் இருவருக்கும் பேச்சுவார்த்தையும் இல்லை.

அதனால் வெள்ளையம்மா தூங்குவதே இல்லை. நின்றபடியே தின்றாள், விழுங்கும்போதே மறுபக்கம் திரும்பிப் பார்த்தாள். காலடியிலேயே ஆறு ஓடியும் தண்ணீர் குடிக்க இறங்கவில்லை. கண் சிவந்தது.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். வெள்ளையம்மாவுக்கு மஞ்சளாக இருந்ததெல்லாம் புலி. பழுத்த இலை விழுந்தால் புலி. பட்டாம்பூச்சி பறந்தால் புலிக்குட்டி. சாயங்கால வெயிலைப் பார்த்து, புலி வானத்தில் ஏறிவிட்டது என்று கத்தினாள்.

தலைகீழாகத் தொங்கினால் கவலையெல்லாம் கொட்டிவிடும் என்று ஒரு வௌவால் சொன்னது. தொங்கிப் பார்த்தாள். கவலை கொட்டவில்லை. தலைகீழான புலிகளும் தெரிய ஆரம்பித்தன.

ஒருநாள் காலை, கிளைக்குக் கீழே கோடுகோடாக நிழல் விழுந்த வால் ஒன்று ஆடியது. "புலி" என்று அலறி, அதைப் பிடித்து நறுக்கென்று கடித்தாள். சுரீரென்று வலித்தது. புலி என் வாலைக் கடிக்கிறது என்று இன்னும் பலமாக அலறினாள். வாயிலிருந்து வாலை எடுக்காமல் அலறியதால் ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. ஆனாலும் மான்கள் ஓடின.

ஓடி ஓடி மான்களுக்கு விலா எலும்பு தெரிந்தது. தாய்மான்களுக்குப் பால் வற்றிவிட்டது. கூட்டத்தின் தலைவன் சடையன் மூச்சு வாங்கியபடி மரத்தடிக்கு வந்தான்.

"தாயே, நாளைக்கு விடிஞ்சதும் நாங்க ஆத்துக்கு அந்தப் பக்கம் போயிடறோம்."

"அங்கே காவலுக்கு யாரும் இல்லையே" என்றாள் வெள்ளையம்மா.

"இல்லைதான். ஆனா புலி வர்ற அன்னிக்கு மட்டும் ஓடினாப் போதும்."

சொல்லிவிட்டு அவன் போய்விட்டான். காவலில்லாத கரையில் அந்தக் குட்டிகள் ஒவ்வொன்றாகப் புலியின் வயிற்றுக்குள் போய்விடும். அதற்குக் காரணம் தான்தான் என்று நினைத்து நினைத்து வெள்ளையம்மா அழுதாள்.

அப்போது நிஜமாகவே புலி வந்தது. கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போயிருந்ததால், நிஜப் புலிக்குக் கொடுக்க அவளிடம் குரல் இல்லை. நல்லவேளை, மான்கள் தூரத்தில் இருந்தன.

புலியின் கண்களைச் சுற்றிக் கருவளையம் விழுந்திருந்தது. "நாள் முழுக்க என் பேரைச் சொல்லி ஏலம் போடறியே, வெள்ளையம்மா. நான் எங்கேயும் வரலே. படுத்திருக்கேன். ஒரு புலி தூங்க வேண்டாமா?"

வெள்ளையம்மா கம்மிய குரலில் மன்னிப்புக் கேட்டாள். புலி கனைத்துக்கொண்டு, வைத்தியர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டது.

"உடம்பைப் பாரும்மா. உட்கார்ந்து மென்னு தின்னு. நாலு எட்டு நடந்து ஆத்துல தண்ணி குடி. உச்சி வெயில்ல கொஞ்ச நேரம் கண்ணை மூடு. பெரிசா வேற ஒண்ணும் வேண்டாம்."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்! வெள்ளையம்மாவுக்குச் சந்தேகம்தான். ஆனால் எப்படித் திருப்பிப் பார்த்தாலும் யோசனை நல்ல யோசனையாகவே இருந்தது. அவள் கண்ணை மூடும்போது யார் பார்த்துக்கொள்வது என்பதை மட்டும் புலி சொல்லவில்லை.

புலி போனதும் அவள் பக்கத்துக் கிளைக்குப் போனாள். வாலைக் கடித்ததைவிட அது அதிகமாக வலித்தது.

"மாயக்கா, மத்தியானம் கொஞ்சம் பார்த்துக்கறியா?"

"இதைக் கேட்க உனக்கு இத்தனை நாளா? நீ போய்த் தூங்கு."

வெள்ளையம்மா கீழே இறங்கி ஆறு வரை நடந்தாள். வயிறு குளிரத் தண்ணீர் குடித்தாள். உட்கார்ந்து அத்திப்பழத்தை மென்று தின்றாள். அதற்கு இனிப்பு உண்டு என்பதே அன்றுதான் தெரிந்தது. பிறகு கிளையில் சாய்ந்தாள். சாய்ந்ததுதான் தெரியும்.

கடைசியாக ஒரு தடவை மேய்ந்துவிட்டுப் போகலாம் என்று மான்கள் மரத்தடிக்கு வந்தன. காவல்காரி தூங்கும் நேரம் பார்த்து, புலியும் வயிற்றைத் தரையில் தேய்த்தபடி புல்லுக்குள் ஊர்ந்து வந்தது. மாயக்கா பார்த்துவிட்டாள். குரல் கொடுத்தாள். அந்தக் குரல் ஒருநாளும் இலைக்காகக் கத்தியதில்லை. மான்கள் நம்பித் துள்ளிப் பறந்தன.

வெறும் புல்லில் நின்று புலி அண்ணாந்து பார்த்தது. வெள்ளையம்மாவின் குறட்டையில் கிளை ஆடிக்கொண்டிருந்தது.

"நான் சொன்னபடியா தூங்கறா?" என்றது புலி.

"ஆமாங்க, நல்ல மருந்து சொன்னீங்க. இப்பத்தான் அசந்திருக்கா. கொஞ்சம் சத்தம் போடாமப் போங்க" என்றாள் மாயக்கா.

புலி, சருகு நொறுங்காமல் பார்த்துப் பார்த்து அடிவைத்துப் போனது. மான்கள் திரும்பி வந்து மரத்தடியில் படுத்து அசைபோட்டன. சடையன் ஆற்றுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நீதி: ஓய்வெடுத்த கண்ணே உள்ளதைக் காணும்; ஓய்வெடுக்குமுன் காவலுக்கு ஆள் வை.