அத்திமரத்துக்குக் காவல் போட்ட அணில்

மலைக்காட்டு ஓடைக்கரையில் ஒரு பெரிய அத்திமரம் இருந்தது. அதன் உச்சியில் கூடு கட்டி, இரண்டு குட்டிகளோடு வாழ்ந்து வந்தது குஞ்சம்மா என்ற மலை அணில். சுத்தம் என்றால் அதற்கு உயிர்.

ஒருநாள் பழுத்த அத்தி ஒன்றைக் கடித்தது. உள்ளே கடுகைவிடச் சிறிய குளவிகள்!

"சீச்சீ! என் பிள்ளைகள் பூச்சியையா தின்பார்கள்?" என்று துப்பியது. குட்டிகள் பால் மறக்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் மரத்தைச் சுத்தம் செய்துவிட வேண்டும்.

நேரே முசுறு எறும்புகளிடம் போனது. "எந்தக் கிளையில் வேண்டுமானாலும் கூடு கட்டிக்கொள்ளுங்கள். ஒரு குளவிகூடக் காய்ப் பக்கம் வரக் கூடாது."

"கடிக்கச் சொன்னால் எங்களுக்குக் கசக்குமா?" என்றது எறும்புத் தலைவி.

காவல் பலமாக நடந்தது. புதிதாக விட்ட பிஞ்சுகளை முசுறுகள் மொய்த்துக்கொண்டன. குஞ்சம்மாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

பிறகு பிஞ்சுகள் பச்சையாகவே பொலபொலவென்று உதிர ஆரம்பித்தன. குஞ்சம்மா மரப்பட்டையைத் தின்று ஒப்பேற்றியது. பால் வற்றியது. குட்டிகள் பசியில் கீச்சிட்டன.

இருவாச்சிப் பறவை வந்து சத்தம் போட்டது. "என் பெண்டாட்டி முட்டையோடு பொந்துக்குள்ளே அடைந்து கிடக்கிறாள். நான் எதைக் கொண்டுபோய் ஊட்டுவேன்? மரத்தை என்ன செய்தாய்?"

குஞ்சம்மா கிளைகிளையாக ஓடிப் பார்த்தது. ஒரே ஒரு கிளையில்தான் இளம்பிஞ்சுகள் மிஞ்சியிருந்தன. அதனருகே ஓர் இலைமேல், எறும்புக்குப் பயந்து ஒரு குளவி உட்கார்ந்திருந்தது.

"அக்கா, வழிவிடச் சொல்லுங்கள். எனக்கு இன்று ஒரு பொழுதுதான் ஆயுசு."

"உன்னால்தானே பழம் கெட்டது?"

"அத்தி பூத்து நீங்கள் பார்த்திருக்கிறீர்களா அக்கா? பூவெல்லாம் காய்க்குள்ளே இருக்கிறது. அடுத்த மலை அத்தியிலிருந்து மகரந்தம் சுமந்து வருகிறேன். நான் உள்ளே நுழைந்தால்தான் பிஞ்சு நிற்கும். அங்கே முட்டையிட எனக்கு இடம் கிடைக்கும், அவ்வளவுதான்."

குஞ்சம்மாவுக்குப் பகீரென்றது. "முசுறுகளே, இறங்குங்கள்! எல்லோரும் இறங்குங்கள்!"

முசுறுகள் விலகியதும், குளவி பிஞ்சின் நுனியிலிருந்த சின்னத் துளை வழியே சிறகு பிய்ய உள்ளே நுழைந்தது. அதன் பின்னாலேயே இன்னும் பல வந்தன.

தினமும் விடிந்ததும் குஞ்சம்மா பிஞ்சுகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது. ஒன்றுகூட உதிரவில்லை. பருத்தன, சிவந்தன. இருவாச்சி வாய்கொள்ளாமல் பழங்களைக் கவ்விக்கொண்டு பறந்தபோது, குஞ்சம்மா அப்பாடா என்று வாலைத் தொங்கவிட்டுப் படுத்தது.

"அம்மா, பழத்துக்குள்ளே பூச்சி!" என்றது சின்னக் குட்டி.

"அந்தப் பூச்சி வந்ததால்தான் அது பழமாச்சு. பேசாமல் தின்னு" என்றது குஞ்சம்மா.

தனக்கு வேண்டாததென்று ஓர் உயிரை விரட்டுகிறவர், தன் சோற்றையும் சேர்த்தே விரட்டிவிடுகிறார்.