வந்து சேராத நாலு பேர்

மொட்டைப்பனை ஊர்க்காரர்களுக்குப் புத்தி இல்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். புத்தி அவர்களுக்கு நிறையவே உண்டு. தேவைப்படாத இடத்தில் எல்லாம் எடுத்துச் செலவழித்துவிடுவார்கள், அவ்வளவுதான்.

அந்த ஊர் இருளப்பனின் அக்கா மகன் தனுஷ்கோடி, இத்தாலியில் கடலோரச் சின்ன ஊர் ஒன்றில் ஓட்டல் சமையல்காரன். ஒர்னெல்லா என்ற உள்ளூர்ப் பெண்ணைப் பிடித்துப்போய், கல்யாணத்தையும் அங்கேயே வைத்துக்கொண்டான். அப்பா இல்லாத பிள்ளை. தோளில் தூக்கி வளர்த்தவர் இருளப்பன். அதனால் தாய்மாமன் கையால் எடுத்துக் கொடுத்தால்தான் தாலி கட்டுவேன் என்று ஒற்றைக் காலில் நின்றான். இருளப்பனும் தாலியை மடியில் முடிந்துகொண்டு விமானம் ஏறிவிட்டார். துணைக்கு மூன்று பேர்: அவர் மச்சான் கோட்டைச்சாமி, எட்டாம் வகுப்பு வரை படித்த நாகநாதன், எதற்கும் ஒரு சந்தேகம் கேட்கிற வழிவிட்டான்.

ரயில் இவர்களை மலைக்கு இந்தப் பக்கத்து ஊரில் இறக்கிவிட்டது. கல்யாண வீடு மலைக்கு அந்தப் பக்கம். கோடைக்காலத்தில் கடலோரத் தார்ச்சாலையில் கார்கள் நத்தையாக ஊரும் என்பதால், மலை வழியாகப் போகும் சரளைக்கல் பாதையில் சைக்கிளில் வரட்டும் என்று தனுஷ்கோடி ஏற்பாடு செய்திருந்தான். பன்னிரண்டு கிலோமீட்டர். நம் ஆட்கள் சைக்கிளிலேயே பிறந்து வளர்ந்தவர்கள், ரெண்டு மணி நேரத்தில் வந்துவிடுவார்கள் என்பது அவன் நினைப்பு. பாதை தொடங்கும் இடத்திலேயே இருந்த சைக்கிள் கடையில், தடித்த டயர் போட்ட நாலு சைக்கிளும் தமிழில் எழுதிய ஒரு காகிதமும் காத்திருந்தன.

காலை ஒன்பது மணி. புது வண்டி எடுத்தால் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுக் கிளம்புவது எல்லா ஊரிலும் வழக்கம். மொட்டைப்பனையில் அது சட்டம். பழம் நசுங்காவிட்டால் கிளம்பியதாகவே அர்த்தமில்லை. ஒருமுறை ஒருவர் பழம் வைக்க மறந்து மதுரை போய்த் திரும்பினார். அவர் ஊரைவிட்டு நகரவே இல்லை என்று பஞ்சாயத்தில் முடிவாகி, அவர் வாங்கி வந்த அல்வாவை யாரும் தொடவில்லை.

இங்கே கடையைச் சுற்றிலும் எலுமிச்சைத் தோப்பு. நாலு பழம் பொறுக்கி நாலு முன்சக்கரத்துக்கும் வைத்தார்கள். ஏறி மிதிக்க வேண்டியதுதான் பாக்கி.

"பொறுங்க அண்ணே, காகிதத்தைப் படிச்சிருவோம்" என்றான் நாகநாதன். படித்தான். "ஒண்ணு. இந்தப் பாதையில வண்டியே கிடையாது. ரெண்டு. கடல் எப்பவும் உங்களுக்கு இடது பக்கமே இருக்கணும். வலது பக்கம் வந்தா வழி தப்பிட்டீங்கன்னு அர்த்தம். மூணு. நாலு மணியோட முகூர்த்தம் முடியுது."

வழிவிட்டான் தாடையைச் சொறிந்தான். "வண்டியே கிடையாதுன்னா, சைக்கிள் வண்டியா இல்லையா?"

"ரெண்டு சக்கரம், பெல்லு, பிரேக்கு. வண்டிதான்" என்றார் கோட்டைச்சாமி.

"அப்ப நாம ஓட்டுனா இந்தப் பாதையில வண்டி வந்ததா ஆயிருமே. மாப்ள எழுதுனது பொய்யாப் போயிருமே."

இருளப்பனுக்கு முகம் வாடிவிட்டது. "கல்யாணத்தன்னைக்கு மாப்பிள்ளையப் பொய்யனாக்கவா நான் கடல் தாண்டி வந்தேன்? தூக்குங்கய்யா."

பழங்களை நசுக்காமல் எடுத்துச் சட்டைப்பைகளில் போட்டுக்கொண்டார்கள். துண்டைச் சும்மாடு கூட்டி, ஆளுக்கொரு சைக்கிளைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடந்தார்கள்.

முதல் மூன்று கிலோமீட்டர் குறையில்லாமல் போனது. ஒரு காரில்லை, லாரியில்லை, ஹாரன் சத்தமில்லை. இடப்பக்கம் கீழே கடல், வலப்பக்கம் ஆலிவ் மரங்கள். "எப்பேர்ப்பட்ட பாதை! இதுல சைக்கிள் ஓட்டுனா எவ்வளவு சுகமா இருக்கும்" என்று கோட்டைச்சாமி பெருமூச்சு விட்டார். கழுத்து வலி அவருக்கு.

பிறகு பாதை கொண்டை ஊசியாக வளைந்து மலையேறத் தொடங்கியது. முதல் வளைவைத் திரும்பியதும் வழிவிட்டான் அலறினான். "அண்ணே! கடல் வலது பக்கம் வந்துருச்சு!"

நாலு பேரும் அப்படியே நின்றார்கள்.

"வழி தப்பிட்டோம்" என்றார் இருளப்பன்.

"வேற வழியே இல்லையே அண்ணே. ஒரே பாதைதானே இருக்கு" என்றான் நாகநாதன்.

"கடல்தான் இடம் மாறிருச்சு. நாம சரியாத்தான் வந்தோம்" என்றார் கோட்டைச்சாமி.

அரைமணி நேரம் விவாதம் நடந்தது. கடைசியில் இருளப்பன்தான் கண்டுபிடித்தார். எல்லாரும் திரும்பி நின்றால் கடல் இடது பக்கம் வந்துவிடுகிறது. அப்படியே பின்பக்கமாக நடந்தால் பாதையும் தப்பாது, கடலும் தப்பாது. அடுத்த வளைவு வரை புழுதியில் காலை அழுத்தி வைத்துப் பின்னோக்கி ஏறினார்கள். வளைவு வந்ததும் கடல் மறுபடி இடம் மாற, இவர்களும் முன்னோக்கித் திரும்பினார்கள். அதற்கடுத்ததில் பின்னோக்கி. இப்படிப் பன்னிரண்டு வளைவு.

ஏழாவது வளைவில் ஒரு வெள்ளைக்காரர் எதிரே சைக்கிளில் வந்தார். வேட்டி கட்டிய நாலு பேர் தலையில் சைக்கிளோடு, வாய் பேசாமல், முதுகைக் காட்டிக்கொண்டு மலையேறுவதைப் பார்த்தார். சட்டென்று இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு, அவர்கள் கடந்து போகும்வரை தலைகுனிந்து நின்றார். எந்த வீட்டுத் துக்கமோ என்று நினைத்திருப்பார்.

மலையிறங்கிக் கடற்கரைப் பந்தலை இவர்கள் அடைந்தபோது மணி மூன்று ஐம்பது. மதுரை ஐயர் செல்போனில் வீடியோ காலில் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். போனில் சார்ஜ் ஐந்து சதவீதம். மணமேடையில் தனுஷ்கோடி வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஒர்னெல்லா, பட்டுச்சேலையில், சிரிப்பை விடாமல்.

"மாமா! வாங்க மாமா, தாலிய எடுங்க!"

இருளப்பன் சைக்கிளை இறக்கிவைத்து, மடியை அவிழ்க்கக் குனிந்தார். சட்டைப்பையிலிருந்து எலுமிச்சம்பழம் மணலில் விழுந்து உருண்டது. முழுசாக, பளபளவென்று.

வழிவிட்டான் அதையே பார்த்தான். "அண்ணே, பழம் நசுங்கலையே."

"ஆமா."

"அப்ப நாம இன்னும் கிளம்பவே இல்லையே."

இருளப்பனின் கை மடியிலேயே நின்றது. "கிளம்பாதவன் எப்படி வந்து சேர்ந்திருக்க முடியும்?" என்று அவர் மெதுவாகக் கேட்டார். மற்ற மூன்று பேரும் தலையைத் தொங்கப்போட்டார்கள்.

"மாமா, என் முன்னாடியே நிக்கிறீங்களே!" என்றான் தனுஷ்கோடி. அவன் கண்ணில் நீர் முட்டியது. "உங்க கை படாம நான் கட்டமாட்டேன் மாமா."

இருளப்பனும் அழுதேவிட்டார். "நான் இங்க இருந்தா குடுக்கமாட்டேனா மாப்ளே? இல்லாம போயிட்டேனே!"

போனில் மூன்று சதவீதம். ஐயர் "கெட்டிமேளம் சொல்லலாமா?" என்று கேட்டார்.

தனுஷ்கோடி என்ன இருந்தாலும் மொட்டைப்பனையில் பிறந்தவன். மாலையும் கழுத்துமாக எழுந்து ஓடி, நாலு பழத்தையும் வாங்கி நாலு சக்கரத்துக்கும் வைத்தான். ஒவ்வொரு சைக்கிளாகத் தள்ளினான். பச், பச், பச், பச்.

"இப்பக் கிளம்பியாச்சா மாமா?"

"கிளம்பியாச்சு."

"எங்க?"

"உன் கல்யாணத்துக்குத்தான்."

"வந்தாச்சா?"

இருளப்பன் சுற்றிலும் பார்த்தார். பந்தல், மாலை, பெண், மாப்பிள்ளை. "அட, வந்தாச்சு!"

"நல்ல வேகமான சைக்கிளு" என்றார் கோட்டைச்சாமி.

ஒரு சதவீதத்தில் தாலி ஏறியது. ஐயரின் முகம் ஆசீர்வாதத்தோடு அணைந்தது. இருளப்பன் மருமகனைக் கட்டிக்கொண்டு ஒரு பாட்டம் அழுதார்.

இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சாப்பிடும்போது பெண்ணின் அப்பா இத்தாலி மொழியில் ஏதோ கேட்டார்.

"மலைப்பாதை எப்படி இருந்துச்சுன்னு கேக்குறாரு மாமா."

"அதை ஏன் எங்ககிட்ட கேக்குறாரு? நாங்க இங்கேயே கிளம்பி இங்கேயே வந்தவங்க" என்றார் இருளப்பன்.

நாகநாதன் கேசரியைக் கீழே வைத்தான். "அப்ப காலையிலிருந்து சைக்கிளைச் சுமந்துகிட்டு மலை ஏறுனது யாரு அண்ணே?"

"அது வேற நாலு பேரு."

"பாவமே, இன்னும் வந்து சேரலையே! பட்டினியா இருப்பாங்க" என்றார் கோட்டைச்சாமி.

நாலு பேருக்கும் சோறு, கேசரி, அப்பளம் எல்லாம் கட்டிக்கொண்டு உடனே மலையேறினார்கள். கடல் வலது பக்கம் இருந்தது. காகிதம் வருகிறவர்களுக்குத்தான், போகிறவர்களுக்கு இல்லை என்று நாகநாதன் விளக்கிவிட்டான்.

முதல் வளைவைத் தாண்டியதும் புழுதியில் காலடித் தடங்கள் தெரிந்தன. நாலு ஜோடி. வழிவிட்டான் குந்தி உட்கார்ந்து உற்றுப் பார்த்தான். எல்லா விரல்களும் கல்யாண வீட்டுக்கு எதிர்த்திசையில் இருந்தன.

"அண்ணே, இவ்வளவு தூரம் வந்துட்டுத் திரும்பிப் போயிருக்கானுங்க!"

இருளப்பனுக்கு மீசை துடித்தது. "மடியில தாலிய வச்சுக்கிட்டா? சொந்த அக்கா மகன் கல்யாணத்துக்கு வராதவன் ஒரு தாய்மாமனா? நான் மட்டும் வந்து சேரலைன்னா அந்தப் புள்ள கதி என்ன? இனி அந்த நாலு பேர் வீட்டுப் படி ஏறமாட்டோம். சத்தியம் பண்ணுங்கய்யா."

சத்தியம் செய்துவிட்டு, அந்த நாலு பேர் சாப்பாட்டையும் அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

ஊர் திரும்பி இரண்டு மாதமாகிறது. நாலு பேரும் சொன்ன சொல் தவறாமல் ஊர்ச் சாவடியில்தான் படுத்திருக்கிறார்கள். இருளப்பனின் மனைவி தினமும் தூக்குச்சட்டியில் சோறு கொண்டுவந்து கெஞ்சுகிறாள். "அவன் வீட்டுச் சோத்தைத் தொடமாட்டேன்" என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அவள் போனபிறகு மட்டும், "தங்கமான பொம்பளைய்யா. போயும் போயும் அந்தப் பயலுக்கா வாக்கப்படணும்?" என்று மற்றவர்களிடம் வருத்தப்படுகிறார்.